மரக்காணத்தில் பனி கொட்டியவர்

2024 டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பத்தொரு நிமிடம். கடல் பக்கம் மேகம். தூறல் இல்லை. ஆனால் காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் எடுக்கலாம் போல அவ்வளவு ஈரம். மரக்காணத்தில் பனி கொட்டியது அன்றைக்குத்தான். வெளிநாட்டு வாழ்த்து அட்டைகளில் கூரைமேல் படிந்திருக்குமே, அந்த வெள்ளைப் பனி. உலகம் உண்டான நாளிலிருந்து இந்த உப்புக் கரையில் அதைக் கொண்டுவந்து இறக்கியவர் ஒரே ஒருவர். அவர் பெயர் எஃபெக்ட்.

இது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அந்தப் பெயர் எங்கள் சபைப் பதிவேட்டில் நாற்பத்தேழாவது வரியில் இருக்கிறது. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. சாம்பாரில் உப்பு குறைந்தால் எஃபெக்ட் இல்லை. பிணத்துக்குப் போட்ட மாலை சின்னதாக இருந்தால் எஃபெக்ட் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ரசம் வருவதற்குள் பதினான்கு எஃபெக்ட்.

வயதில் என்னைவிட முப்பத்திரண்டு ஆண்டு இளையவர். நேரில் 'ஏம்பா' என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது 'அவர்' போடுவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. ஆனால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் முதலில் வேறு சிலவற்றைச் சொல்லிக்கொள்கிறேன்.

பிழைப்புக்கு அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் கேமரா, திரையில் பாட்டு, மேடை அலங்காரம், நேரலை, நான்கும் அவர் ஊழியம். சம்பளம் கிடையாது. நான் சபைக் கமிட்டிச் செயலாளர். எனக்கும் கிடையாது.

கடைத் தொழிலும் கடவுள் தொழிலும் அவருக்குள் ஒன்றாகவே கிடந்தன. ஒரு பெரிய வெள்ளிக்கு ஆறடிக்கு நாலடி பேனர் அடித்து வாசலில் கட்டினார். நடுவில் சிலுவை. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. இடப்பக்கம் 'தோற்றம்: மாட்டுத் தொழுவம்'. வலப்பக்கம் 'மறைவு: வெள்ளி, பிற்பகல் மூன்று மணி'. கீழே 'துயரில் வாடும் சபையார்'. பாஸ்டர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஏம்பா, மறைவுன்னு போட்டுட்ட. மூணாம் நாள் என்ன பண்ணுவ?"

"ஸ்டிக்கர் ரெடியா இருக்குது பாஸ்டர். ஞாயித்துக்கிழம காலைல ஒட்டிடுவேன்."

சொன்னபடி ஒட்டினார். ஸ்டிக்கரில் 'ரத்து' என்று இருந்தது.

நேரலைக்கு அவரிடம் இருந்தது கல்யாண வீடியோவுக்கு வாங்கிய மென்பொருள். வேறு வாங்கப் பணம் இல்லை. பாஸ்டர் நரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் அவர் தலைமேல் ரோஜா இதழ்கள் விழும். யாராவது அழுதுகொண்டே ஜெபித்தால் சுற்றிலும் இதய வடிவம் வந்து மெல்ல மூடும். ஞாயிறுதோறும் பார்வையாளர் எண்ணிக்கையை நான் குறித்து வைப்பேன். சராசரி எட்டு. அதில் இரண்டு அவருடைய போன்களே.

ஒருமுறை பரலோகக் காட்சிக்குப் புகை வேண்டுமென்றார். புகை இயந்திர வாடகையைக் கமிட்டி மறுத்தது. அவர் எங்கேயோ போய்க் கொசு மருந்து அடிக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தார். பரலோகம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்க உள்ளே ஆள் இல்லை. வெளியே ஓடியவர்கள் அறுபத்து நான்கு. திரும்பி வந்தவர்கள் அறுபத்தொன்று. மற்ற மூன்று பேர் இப்போது வேறு சபைக்குப் போகிறார்கள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். பனிக்கு வருகிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் எஃபெக்ட் என் வீட்டுக்கு ஒரு பட்டியலோடு வந்தார். கிறிஸ்மஸ் நாடகத்துக்கான பொருட்கள். ஏழாவது வரி: 'பனிக்கு – பஞ்சு 12 கிலோ, தெர்மகோல் உருண்டை 8 பை'. நான் சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் 'உப்பு போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"உப்பளத்துல உக்காந்துகிட்டு எவனாச்சும் பஞ்சு வாங்குவானா? ஒம்போது மூட்ட நானே சொல்லி அனுப்பறேன். காசே வேணாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஐயா, எஃபெக்ட் சூப்பரா இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா இது மழ மாசம். உப்பு தண்ணி வுடும். மேடைக்குக் கீழதான் ஒயர் எல்லாம் ஓடுது."

"முப்பத்தொரு வருஷம் உப்போட இருந்தவன்டா நான். எனக்கே உப்பு பாடம் எடுக்கிறியா?"

வாசகர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் உப்பளத்தில் லாரிக்கு ஏற்றும் மூட்டைகளை எண்ணும் கணக்கராக இருந்தவன். மழை மாதத்தில் உப்பு கசிந்து மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ குறையும் என்று முப்பத்தொரு ஆண்டும் கணக்கில் கழித்து எழுதியது இந்தக் கைதான். எனக்குத் தெரியாமல் இல்லை. பேனர் கடைக்காரர் எனக்குச் சொல்லிவிட்டாரே என்பதுதான் பிரச்சினை. அவர் பட்டியலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். என் மனைவி காபி டம்ளரோடு கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருபத்து நான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கே மேடையில் உப்பைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். பதினான்கு பெஞ்சு, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் நானூற்று ஐம்பது கிலோ உப்பு. ஆறு விளக்குகள் நீல ஒளியில். உண்மையாகவே அது பனிதான். பின்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

மேய்ப்பர்களாக வந்த மூவரும் உப்பளத் தொழிலாளிகள். காலுக்கடியில் உப்பு, கையில் நீளமான கோல். மனிதன் எத்தனை நேரம் தாங்குவான்? வசனம் மறந்துபோய், கோலைத் திருப்பிப் பிடித்து, மூவரும் பனியை வாரத் தொடங்கினார்கள். யோசேப்பும் மரியாளும் சத்திரம் சத்திரமாக இடம் கேட்டு அலைவதற்குள், பெத்லகேமின் பனி முழுவதும் மேடையின் இடது மூலையில் ஒழுங்கான அம்பாரமாகக் குவிந்துவிட்டது. ஒருவர் அதன் தலையைத் தட்டிக் கூம்பாக்கிக்கொண்டிருந்தார்.

இடது மூலைக்குக் கீழேதான் சபையின் ஒலி மிக்சர் இருந்தது.

உப்பு மூன்றரை மணி நேரமாக வியர்த்திருந்தது. தண்ணீர் பிளைவுட் இடுக்கு வழியாகச் சொட்டியது. முதலில் ஒரு நீலப் பொறி. அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இருட்டு. தேவதூதனாக வந்த டீச்சரைச் செங்கல் ஏற்றும் மோட்டாரில் கட்டி மேலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தரையிலிருந்து ஏழு அடியில் நின்றுவிட்டார். பயப்பட வேண்டாம் என்று மேய்ப்பர்களிடம் சொல்ல வேண்டியவர், அதைத் தனக்கே நான்கைந்து முறை சொல்லிக்கொண்டார். ஏணி வைத்து இறக்கினோம். யாருக்கும் காயமில்லை. மிக்சர் மட்டும் புகைந்து தீர்ந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பாஸ்டர் மேடைக்கு முன்னால் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனாலும் முதலில் எழுந்தவன் நான்.

"எஃபெக்ட்டு உப்பக் கொட்டி எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டான் பாஸ்டர். நான் அப்பவே சொன்னேன்."

நான் அப்பவே சொன்னேன். மூன்று வார்த்தை. எழுபத்து மூன்று வயதுக்குள் எத்தனையோ மூட்டைகளை எண்ணியிருக்கிறேன். இந்த மூன்றைப் போல எதுவும் கனத்ததில்லை.

எஃபெக்டின் கை சட்டைப்பைக்குப் போனது. அந்தப் பட்டியல் அங்கேதான் இருந்தது. நாலாக மடித்த அதன் வெள்ளை ஓரம் எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"ஆமாங்க பாஸ்டர். என் தப்புதான்."

கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, இணைப்பு அவர் போனிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருட்டிலும் நேரலை நிற்கவில்லை. அன்றைய பார்வையாளர் நாற்பத்து மூன்று. எங்கள் சபை வரலாற்றிலேயே அதிகம். அத்தனை பேரும் என் பொய்யைக் கேட்டார்கள். தாம்பரத்தில் இருக்கும் என் மகள் உட்பட.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி அவரை ஊழியத்திலிருந்து நீக்கியது. தீர்மானத்தை எழுதியது செயலாளராகிய நான். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது, இன்றைக்கும் நோட்டில் பார்க்கலாம். அதன்பிறகு கேமராவின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினார்கள். எஃபெக்ட் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பார்க்க ஒன்றுமே இல்லாதவர்போல, மூடிய கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் வேலை உண்டு, கல்யாணங்கள் உண்டு. ஆனாலும் ஞாயிறு காலையில் அந்தக் கேமராவுக்குப் பின்னால் நிற்பதுதான் அந்த மனிதர் தனக்கென்று வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டேன். வாசலில் என்னைப் பார்த்தால் ஒவ்வொரு வாரமும் "ஸ்தோத்திரம்ங்க ஐயா" என்பார். பத்தொன்பது ஞாயிறு, பத்தொன்பது ஸ்தோத்திரம். ஒன்றிலாவது கொஞ்சம் குத்தல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இருபதாவது ஞாயிறு புறப்படும்போது என் மனைவி சொன்னாள்: "நீங்க சொல்றீங்களா, நான் எழுந்து சொல்லட்டுமா?"

எங்கள் சபையில் சாட்சி நேரம் என்று உண்டு. யார் வேண்டுமானாலும் முன்னே போய் அந்த வாரம் கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். நான் போனேன். மிக்சர் போனபிறகு ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். மைக்கைப் பிடித்து "சபையாருக்கு" என்றேன். 'கூ' என்று அலறியது. மறுபடி சொன்னேன். மறுபடி அலறியது. மூன்றாம் முறை முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அதற்குமேல் எஃபெக்டால் தாங்க முடியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து வேகவேகமாக வந்தார். நீக்கப்பட்டவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"ஐயா, ஸ்பீக்கர் மூஞ்சிக்கு நேரா மைக்க நீட்டினா கத்தாம என்னா பண்ணும்? இப்படித் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். ம், மொதல்லருந்து சொல்லுங்க."

ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகிச் சரிசெய்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் தொடங்கினேன். "கிறிஸ்மஸ் நாடகத்துல உப்பு கொட்டுனது..."

அவருக்குப் புரிந்துவிட்டது. 'டக்' என்று குமிழை அணைத்தார். குனிந்து என் காதருகே, "வேணாங்கய்யா. பெரியவரு நீங்க. போய் உக்காருங்க" என்றார்.

நான் மைக்கை அவர் கையில் கொடுத்தேன். உப்பளத்தில் லாரிக்காரர்களைக் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் இருக்கிறது.

"உப்பு கொட்டச் சொன்னது நான். இவரு பஞ்சுதான் கேட்டாரு, தண்ணி வுடும்னும் சொன்னாரு. நான்தான் அந்த வரிய அடிச்சேன். அப்பவே சொன்னேன்னு சொன்னது பொய்."

அன்று சபையில் தொண்ணூற்றாறு பேர். என் மனைவி பைபிளைத் திறந்து எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். மேய்ப்பராக வந்தவர்களில் ஒருவர்தான் முதலில் பேசினார். "அப்ப அந்த உப்பு உங்களதாங்கய்யா? அஞ்சு மூட்ட எங்க வூட்ல கெடக்குது. எடுத்துக்கிறீங்களா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பாஸ்டர் எழுந்துபோய்க் கேமராமேல் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

எஃபெக்ட் என்னைக் கையைப் பிடித்துப் படியிறக்கினார். கண் கலங்கியிருந்தது. மன்னித்தேன் என்று ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஃபீல் நல்லாருந்துச்சுங்கய்யா. ஆனா எஃபெக்ட் இல்ல. மூஞ்சில லைட்டே வுழல. அன்னிக்கி லைவ்ல பாத்தவங்களுக்கு இது போய்ச் சேரவும் இல்ல. வர்ற வாரம் இன்னொரு தடவ சொல்லிடலாமா? லைட்டு வெச்சுத் தர்றேன்."

அடுத்த ஞாயிறு இரண்டு விளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் சொன்னேன். நடுவில் எஃபெக்ட் ஒருமுறை நிறுத்தி, கண்ணாடியில் ஒளி அடிக்கிறது, கழற்றிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். 'பொய்' என்ற இடத்தில் என் முகம் மெதுவாகப் பெரிதாகிறது, பின்னால் வயலின் அழுகிறது. பார்வையாளர் அறுபத்தொன்று.

அதற்கு மிக்சர் வேண்டியிருந்தது. அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை நாங்கள் இருவரும் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போனோம். நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் எல்லாக் குமிழையும் திருகிப் பார்த்தார், மொத்தம் எழுபத்திரண்டு. வாங்கிய பெட்டியைச் சுமைப் பலகையில் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். முந்தின நாள் ஏதோ கல்யாணத்தில் கண்விழித்திருக்கிறார். பெரிய முதலியார்சாவடி தாண்டுவதற்குள் தூங்கிப்போய்த் தலை என் தோளில் சாய்ந்தது. மடியிலிருந்து பெட்டி நழுவப் பார்த்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மரக்காணம் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மிக்சர், கேபிள் இரண்டு, பஸ் டிக்கெட் நான்கு. எனக்கு ஆன செலவு இருபத்தோராயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.