நல்லோடைப்பட்டினத்து வடிகால் வரலாறு

கடலை இழந்தும் கடற்கரை நிர்வாகத்தை இழக்காத ஊர் உலகில் ஒன்று உண்டென்றால், அது அதிராம்பட்டினத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் நல்லோடைப்பட்டினம்தான். நகராட்சி வரலாற்றுக் குழுவின் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்துடன் பதிவுசெய்கிறேன். வண்டல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது; நிர்வாகமோ ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று முன்னேறியது. இன்று எங்கள் ஊரில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். ஊரின் மழைநீர் வடிகால் கடற்கரைத் தெருவோடு நின்றுவிடுகிறது. நகராட்சி வரைபடத்தில் அதற்கு அப்பால் கடல். கடலுக்குள் யாராவது வாய்க்கால் வெட்டுவார்களா?

அத்தெருவின் கடைசி வீட்டில் தையல் கடை வைத்திருப்பவர் நஃபீசா. கணவர் சவூதியில். பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடக்கும் மாமியாரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும்; மாமியாரின் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துவார். பக்கத்துக் கொல்லையில் நாற்று விடும் வைரக்கண்ணுவுக்கு நாற்றெல்லாம் அழுகிவிடும். வடிகாலை நீட்டி உப்பங்கழியில் சேர்த்துவிடும்படி இருவரும் மனுக் கொடுத்தார்கள்.

பொறியாளர் நேரில் வந்து பார்த்தார். எதிரே கருவேலங்காடு, அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "கடல் தற்காலிகமாக விலகியுள்ளது" என்று அறிக்கை அளித்தார்.

ஆனாலும் சேர்மன் கோவிந்தராசு சும்மா இருந்துவிடவில்லை. வடிகால் முடியும் இடத்திலேயே, ஊர்ப்பெயரை ஆளுயரக் கான்கிரீட் எழுத்துகளில் நிறுத்தி 'செல்ஃபி பாயிண்ட்' அமைத்தார். அது இல்லாத ஊரை இப்போது யார் மதிக்கிறார்கள்? நிதி பாதியில் தீர்ந்ததால் 'நல்லோடை' வரைதான் முடிந்தது. கடைசி எழுத்தான 'டை', வடிகாலின் வாயை நன்றாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. நஃபீசா சேர்மனுக்குப் போன் செய்தார். அவர் பொறியாளரைக் கேட்கச் சொன்னார். பொறியாளர் சேர்மனைக் கேட்கச் சொன்னார். நிர்வாகத்தில் இப்படியொரு கருத்தொற்றுமை அபூர்வம். மாமியார் பேச முடியாமல் நஃபீசாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அந்தக் கையை மெல்ல விடுவித்துவிட்டு, நஃபீசா வைரக்கண்ணுவிடம் போனார்.

"அண்ணே, கடப்பாரை இருக்கா?"

"இருக்கு தங்கச்சி. ஆனா அது சேர்மன் வச்ச எழுத்தாச்சே."

"எழுத்தை அப்புறம் எழுதிக்கலாம். மாமி கட்டிலு மெதக்கப்போவுது."

தெருவே திரண்டு 'டை'யை உடைத்தது. அதோடு நிற்காமல் கருவேலங்காட்டினூடே உப்பங்கழி வரை வாய்க்காலும் வெட்டியது. பொழுது சாய்வதற்குள் வீட்டுத் தரை தெரிந்தது.

அதன்பிறகு அந்தப் பருவமழை முடியும்வரை சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் தேங்காத ஒரே ஊர் எங்களுடையதுதான். 'சிறந்த வடிகால் நிர்வாக'த்துக்கான கேடயம் தேடி வந்தது. இது தமது நெடுநாள் கனவு என்று சேர்மன் மேடையில் தழுதழுத்தார்.

விருது விழாவிலிருந்து அவர் ஊர் திரும்பியதும் மன்றம் கூடியது. மிஞ்சி நின்ற 'நல்லோ'வுடன் ஒரு 'ர்' சேர்த்து, 'நல்லோர்' என்றாக்கி, மன்ற உறுப்பினர்களைச் சிறப்பிப்பது என்பது முதல் தீர்மானம். பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய நஃபீசா, வைரக்கண்ணு இருவர் மீதும் போலீசில் புகார் கொடுப்பது என்பது இரண்டாவது. இரண்டும் ஒருமனதாக நிறைவேறின.

பார்வையாளர் வரிசையிலிருந்து நஃபீசா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நாங்க உடைச்சது தப்புன்னா, அந்தக் கேடயத்தை எதுக்குங்க வாங்குனீங்க, சேர்மனண்ணே?"

அக்கேள்வியை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டோம். புகாரை நீக்கத்தான் விதியில் இடமில்லை.