வெத்துக் கட்டம்

"ஏம்மா ஹஸ்னா, கட்டம் இன்னும் பாதி நிக்குதே!"

அச்சகத்து முதலாளி லட்சுமிகாந்தம் காலண்டர் புரூஃபை அவள் மேசைமேல் விரித்தார். சிவகாசியில் அந்த அச்சகத்தின் கம்ப்யூட்டருக்கு அவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்து இதுதான் முதல் சீசன்.

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் வெள்ளைத்துரை, தன் வியாபாரிகளுக்குக் கொடுப்பதற்காக 2006-ஆம் வருட மாதக் காலண்டர் கேட்டிருந்தார். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பண்டிகையின் பெயர் போட ஒரு மஞ்சள் கட்டம். பண்டிகை இல்லாத நாளில் அது மொட்டையாக நின்றது. "அந்த வெத்துக் கட்டத்தையெல்லாம் தூக்கிரு" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பண்டிகைகள் கம்ப்யூட்டருக்குள் அர்ரே என்னும் ஒரே பட்டியலில், ஜனவரி முதல் டிசம்பர் வரை நாளுக்கு ஒரு இடமாக வரிசையில் இருந்தன; பண்டிகை இல்லாத நாளின் இடம் காலி. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார், காலியாக இருந்தால் நீக்கு என்று ஒரு லூப் எழுதியிருந்தாள். பாதிதான் போயிருந்தது. மறுபடி ஓட்டினாள். அப்போதும் சில மிச்சம்.

"மிசினை எம்புட்டு நேரந்தான் சும்மா போட்டு வைக்கிறது?" என்று மெஷின்காரர் கருத்தப்பாண்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

ஹஸ்னா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மாமா மகன் நிஜாமுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ஏ புள்ள, பெஞ்சுல ஒருத்தனை எழுப்பினா அடுத்தவன் நகந்து அந்த இடத்துல உக்காந்துக்கிறான். நீ அவனைப் பாக்காமலே அடுத்த இடத்துக்குப் போயிர்ற. கடைசியில இருந்து முன்னால வா. ஒருத்தனும் தப்ப மாட்டான்."

கடைசியிலிருந்து ஓட்டினாள். ஒரு வெத்துக் கட்டம் இல்லை! டிசம்பர் தாள் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முதலாளி வெள்ளைத்துரையின் போட்டோவை மட்டும் பார்த்து, "முகம் நல்லா விழுந்திருக்கு" என்றார். மெஷின் ஓடியது. லாரி கிளம்பியது.

மறுநாள் காலை விருதுநகர் வீட்டில், அம்மா பைரோஜா, ஹஸ்னா கொண்டுவந்திருந்த புதுக் காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் புரட்டினாள்.

"ஏண்டி, நோன்புப் பெருநாள் பிப்ரவரியிலயா வருது?"

ஹஸ்னா வாயில் வைத்த இட்லியோடு ஓடி வந்தாள். ஜனவரி இரண்டாம் தேதி பக்ரீத். மூன்றாம் தேதி போகிப் பண்டிகை, நான்காம் தேதி பொங்கல். பிப்ரவரி நடுவில் தீபாவளி, மறுநாள் நோன்புப் பெருநாள், அந்த வாரமே கிறிஸ்துமஸ். மார்ச்சிலிருந்து நாட்டில் ஒரு பண்டிகை கிடையாது. காலியை எழுப்பிவிட்ட இடத்துக்கெல்லாம், பின்னால் இருந்தவை நகர்ந்து வந்து உட்கார்ந்திருந்தன.

சிவகாசி பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. இறங்கியதும் லாரி ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"அது மதுரை, திருச்சியெல்லாம் எறக்கியாச்சேம்மா."

சரியான பெயர்களை ஸ்டிக்கராக அடித்து அனுப்பிவிடலாம் என்று பழைய அர்ரேயைத் தேடினாள். புதியதை அதன் மேலேயே சேவ் செய்து வைத்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் முதலாளியிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தீபாவளியை வச்சுப் பொழைக்கிற மனுசன்மா அவரு. அவருக்கே தேதியை மாத்திட்டோமே!"

வெள்ளைத்துரைக்குப் போன் போட்டார். என்கேஜ்டு. திரும்பப் போட்டார். என்கேஜ்டு.

"வியாபாரிக அம்புட்டுப் பேரும் அவரை வறுத்து எடுக்காக போலிருக்கு" என்று ரிசீவரை வைத்தார்.

மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைத்துரையும் அவருடைய மேனேஜர் அய்யாதுரையும் இறங்கினார்கள். வெள்ளைத்துரையின் கையில் காலண்டர், பிப்ரவரி மேலே தெரிய மடக்கியிருந்தது. ஹஸ்னா எழுந்து முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி... தப்பு என்னோடதுதான். முதலாளியை ஒண்ணும் சொல்லாதீக. நான் வேலையை விட்டுப் போயிருதேன்."

வெள்ளைத்துரை வாயைத் திறப்பதற்குள் அவர் செல்போன் அடித்தது. "ஆமாய்யா, பாத்தேன், பாத்தேன்" என்றபடி வெளியே நடந்தார்.

லட்சுமிகாந்தம் கும்பிடாத குறையாக மேனேஜரைப் பார்த்தார். "ரொம்பக் கோவமா இருக்காகளா?"

அய்யாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தீபாவளி ஆர்டருக்கு ஆடி பொறக்காம போனையே தொடாத வியாபாரிப் பயலுகல்லாம் திட்டுறதுக்குன்னு கூப்பிட்டு, அம்புட்டுப் பேரும் ஆர்டர் சொல்லிட்டுல்ல வைக்கிறானுக; அடுத்த காலண்டர்ல தீபாவளியை ஜனவரியிலயே போட்டுத் தரச் சொல்லத்தான் அண்ணாச்சி வந்திருக்காக."