துரைராசா சாருக்கு ஏறிய மின்சாரம்

இலங்கை மலையகத்து டயகமப் பஜாரில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. பழைய கூட்டுறவுக் கடை வாசலில் தொடங்கிய வரிசை, மழையில் நனைந்தபடியே பஸ் நிற்கும் இடம் வரை வளைந்து போயிற்று. உள்ளே ஊதுபத்தி. மேசைமேல் சந்தனப் பொட்டும் மாலையும் தரித்த ஒரு தகரப் பெட்டி. அது சாமி இல்லை, விஞ்ஞானம். கும்பிட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

பெட்டிக்குச் சொந்தக்காரர் 'ஜீன் டாக்டர்' சஜீவன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழல். கொழும்பில் படித்ததாகச் சொன்னார். என்ன படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய மருந்து டி.என்.ஏ. தடுப்பு மருந்து. ஊசி கிடையாது. புறங்கையில் ஒரு சொட்டு. இரு கையிலும் இரண்டு செப்புத் தகடு. பெட்டி உறுமும், சிவப்பு விளக்கு எரியும், மின்சாரம் தோலைத் திறந்து மருந்தை உள்ளே தள்ளும். நாய்க்கடி, செங்கமாரி என்னும் காமாலை, டெங்கு, எல்லாவற்றுக்கும் அதே சொட்டு. மருந்தின் வேகம் கூட வேண்டுமானால் பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தங்கம் போடவேண்டும்.

இந்த வியாபாரத்துக்கு முதல் போட்டவர் துரைராசா சார். பணமாக அல்ல, கட்டுரையாக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அந்த 2003ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு இதழில் அவர் எழுதியது வெளிவந்தது. கிருமியை விட்டுவிட்டு, கிருமியின் ஒரு பகுதியைச் செய்யும் கட்டளையை மட்டும் டி.என்.ஏ.யாக உடம்புக்குள் அனுப்பினால், உடம்பே அதைச் செய்து பார்த்து, எதிர்க்கவும் பழகிக்கொள்ளும். எலிகளில் நன்றாகப் பலித்தது. மனிதரில் எதிர்ப்பு மந்தமாகத்தான் எழுந்தது. அதைக் கூட்டுவதற்காக மின் துடிப்புக் கொடுத்தும், தங்கத் துகளில் பூசித் தோலுக்குள் சுட்டும் ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் உண்மைதான்.

கட்டுரையைத் தோட்டத்தில் ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை என்று சார் வாடிப்போயிருந்தார். அப்போதுதான் சஜீவன் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். சார் அன்றே விழுந்தார். ஞாயிறுதோறும் முன்வரிசை நாற்காலி, சால்வை, முதல் சொட்டு.

"தங்கம் எதுக்குங்க சார்?" என்று யாராவது கேட்டால் சஜீவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

"வெளிநாட்டிலயும் தங்கந்தான் பாவிக்கினம்," என்பார் சார். மூக்குத்திகள் கழன்றன.

ஒரு ஞாயிறு காலை, கொழுந்து பறிக்கும் காளியாயி சாரின் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். தொழிலாளர் லயத்து நாயொன்று அவள் கெண்டைக்காலைக் கடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டு, மிச்சத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அடுத்த ஊசி.

"நான் போகலீங்க டீச்சர்," என்றாள் சாரின் மனைவியிடம். "விடியவே போயி மூக்குத்தியக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டேன். இந்தச் சொட்டு நல்ல மருந்துன்னு சாரே சொல்றாருங்களே."

குணபூசணி அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷனைப் பார்த்தாள்.

"நாய்விசர் வந்தாப் பிறகு மருந்தில்லை எண்டு வகுப்பில படிப்பிக்கிறது ஆர்?"

"நான் ஊசி போடவேண்டாமெண்டு சொல்லேல்லையே, குணம். ஆனா மின்சாரம் ஏறுறதை நான் உணருறன். நானொரு விஞ்ஞானப் பட்டதாரி."

பட்டம் மின்சாரத்தைக் கடத்தும் என்று அவர் எந்தப் புத்தகத்தில் படித்தாரோ.

"உங்கட கட்டுரையில கடைசிப் பந்தி என்ன?"

"பாதி எலிக்கு மருந்து, பாதி எலிக்கு வெறும் உப்புத்தண்ணி குடுத்து ஒப்பிட்டுப் பாக்கவேணும். இல்லாட்டி நம்பேலாது."

"சுவரில தொங்கிறதில அந்தப் பந்தி இருக்கோ?"

"கண்ணாடி சின்னன். அதால வெட்டிப்போட்டினம்," என்றார் சார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

குணபூசணி காளியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பஜாருக்கு நடந்தாள். சார் பின்னால் ஓடினார். அங்கே வழக்கம்போல் சால்வை விழுந்தது, புறங்கையில் சொட்டு விழுந்தது. சார் தகடுகளைப் பிடித்துக் கண்ணை மூடினார். பெட்டி உறுமியது. குணபூசணி சுவரோரம் போய், பெட்டியின் பிளக்கைச் சத்தமில்லாமல் பிடுங்கி, எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆ! ஏறுது!" என்றார் சார். "முழங்கை வரைக்கும் வந்திட்டுது! உடம்பில கலங்கள் எல்லாம் திறக்குது! எதிர்ப்புச் சக்தி எழும்புது!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். சார் கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி, அவள் கையில் பிளக், பெட்டியில் இன்னும் சிவப்பு விளக்கு.

"உள்ளுக்குள்ள கரண்ட் சேத்து வச்சிருக்குங்க டீச்சர்," என்றார் சஜீவன் அவசரமாக.

"அப்ப திறந்து காட்டு," என்றார் சார். பேனாக்கத்தியை எடுத்து அவரே திறந்தார். உள்ளே மின்சாரம் இருக்கவேண்டுமென்று அங்கே அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாருமில்லை.

உள்ளே டோர்ச் பற்றரி இரண்டு. உறுமுவதற்கு விளையாட்டுக் காரின் மோட்டார். சிவப்புத் தாள் சுற்றிய ஒரு பல்ப். கடதாசிப் பொட்டலத்தில் ஊரார் மூக்குத்திகள். மேசைக்கடியில், மருந்துப் போத்தலை நிரப்பும் பைப்புத் தண்ணீர் வாளி. தகடுகளின் வயர் இரண்டும் ஓர் ஆணியில் சும்மா சுற்றியிருந்தன. பிளக்கின் வயரும் உள்ளே வெட்டித்தான் கிடந்தது. ஆக, இத்தனை ஞாயிறும் எவர் கையிலும் ஒரு துளி மின்சாரம் ஏறவில்லை.

சஜீவன் பின்கதவைப் பார்த்தான். அங்கே மூக்கில் ஒன்றுமில்லாத பெண்கள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள்.

பொட்டலத்திலிருந்து தன் மூக்குத்தியை எடுத்துக்கொண்டு காளியாயி அடுத்த பஸ்ஸிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடவே சாரும் டீச்சரும். ஊசி போட்டதும் அவள் தாதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒன்னுமே ஏறலீங்களே மிஸ்ஸி. இது வேலை செய்யும்னு எப்படிங்க தெரியும்?"

தாதி முறைத்தாள். சார் குறுக்கிட்டார்.

"நல்லாக் கேள் பிள்ளை. இந்த ஊசி எத்தினை பேரைக் காப்பாத்தினதெண்டு கணக்கு வச்சிருக்கினம், கேட்டாச் சொல்லுவினம். நான் சஜீவனிட்டை அதைக் கேக்கேல்லை. சால்வை விழுந்தவுடன வாய் அடைச்சுப் போச்சு."

திரும்பி வரும் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து, காலையில் வரிசையில் நின்ற மாயாண்டி கூவினான்: "சார், கரண்ட் ஏறுதுங்களா?" பஸ்ஸே குலுங்கியது. சார்தான் எல்லாரிலும் உரக்கச் சிரித்தார்.

"உலகத்தில மருந்து குடுத்தும் எதிர்ப்பு எழும்பேல்லை எண்டு அழுகினம். எனக்கு வெறும் பைப்புத் தண்ணியில எழும்பினது! ஆனபடியா என்னையும் நம்பாதேங்கோ. ஆர் பெட்டி கொண்டுவந்தாலும் முதல்ல பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கோ. கும்பிடுறதைப் பிறகு பாப்பம்."