நெல்சனின் ‘பீப்’

நாற்பத்தேழா, நாற்பத்தொன்பதா? தோட்டத்து ஆள்களை மேற்பார்க்கும் தேவதாஸ் மண்டோர், சாலையோர மேடையில் கிடந்த செம்பனைக் குலைகளை மூன்றாவது தடவையாக முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். முப்பதைத் தாண்டியதும் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் கேட்டது.

“பீப்!”

எண்ணிக்கை பறந்துவிட்டது.

அந்தப் பக்கம் நெல்சன் மண்டோரின் பகுதி. போன மாதம்தான் ஆபீசிலிருந்து அவன் கைக்கு ஒரு மிஷின் வந்தது. உள்ளங்கை அளவு; கழுத்தில் மாட்டப் பட்டை; தட்டுவதற்கு ஒரு குச்சி. குலையை எண்ணித் தட்டினால் ‘பீப்’ என்று கணக்கை வாங்கிக்கொள்ளும். அந்தக் குச்சியைக் காதில் செருகிக்கொண்டு நெல்சன் நடக்கிற நடையைப் பார்த்தால், ரெம்பாவ் வட்டாரத்துச் செம்பனை முழுக்க அவனைக் கேட்டுத்தான் பழுக்கிறது என்று தோன்றும்.

மாதக் கடைசியில் பெரிய மண்டோர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இருப்பது இரண்டே பேர். இருபத்திரண்டு வருஷம் நோட்டில் எழுதிய தேவதாஸ். ஒரு மாதம் மிஷினைத் தட்டிய நெல்சன்.

ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதும் கிராணி பமீலாவிடம் கேட்டார்.

“எனக்கு எப்ப லா மிஷின்?”

“பி.டி.ஏ. ஒண்ணுதான் வந்துச்சு அண்ணே. இப்ப டெஸ்டிங். நெல்சன் அண்ணனும் உங்கள மாதிரி நோட்டு எழுதித்தான் குடுக்குறாரு. அடுத்த மாசம்தான் மிஷின கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்ப்போம்.”

“அவனுக்கு மட்டும் ஏன்?”

“சீட்டுக் குலுக்கினோம் அண்ணே.”

சீட்டுக்குக்கூட அவன்மேல் பாசம்! பொருமிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி மார்த்தா சோற்றோடு அதையே பரிமாறினாள்.

“சர்ச்சுல பார்த்தீங்களா? நெல்சன் தம்பி இடுப்புல அத மாட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. பாதிரியாரே தொட்டுப் பார்த்தாரு.”

“பாதிரியாரா?”

“ம். உங்க பேனாவ யாராச்சும் தொட்டுப் பார்த்திருக்காங்களா?”

சோறு அப்புறம் இறங்குமா? மறுநாளே மோட்டாரைக் கிளப்பிச் சிரம்பானில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனார்.

“எப்பிடி வேணும் அண்ணே? வைஃபையா, ஸ்கேனரா? பேட்டரி எத்தன மணி நேரம் நிக்கணும்?” என்றார் கடைக்காரர்.

“அதெல்லாம் வேணாம். நல்லா கத்தணும்.”

சேவல் வாங்க வந்தவர் மாதிரி ஏழு மிஷின்களைக் கத்தவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஏழாவது போட்ட ‘பீப்’பில், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்குக் குடிபோனது.

“இதுதான்!”

“அது சூப்பர்மார்க்கெட்ல சாமான் எண்ணுனது அண்ணே. எதத் தட்டுனாலும் சார்டின் டின்னுன்னுதான் காட்டும். பேட்டரியும்...”

“குடுங்க லா!”

மறுநாள் காலை முதல் ‘பீப்’புக்கே மரத்துக் குரங்குகள் வாயடைத்துப்போயின. சாலைக்கு அந்தப் பக்கம் நெல்சனின் தலை எட்டிப் பார்த்தது. அந்த முகத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம்! மிஷின் நூற்றுப் பன்னிரண்டு சார்டின் டின் காட்டியது. உண்மைக் கணக்கு தொப்பிக்குள் ஒளிந்திருந்த நோட்டில் பத்திரமாக இருந்தது.

பத்து மணிக்கு மிஷின் செத்தது. குச்சியால் தட்டினார், விரலால் தட்டினார், மரத்தில் தட்டினார். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து நெல்சன் பக்கத்திலிருந்து ஒரு ‘பீப்’ உற்சாகமாக எழுந்தது.

பொறாமை தேவதாஸின் உதட்டைக் குவித்தது.

“பீப்!”

மிஷினைவிட நன்றாகவே வந்தது.

பிறகென்ன! நெல்சன் இரண்டு போட்டால் இவர் நாலு போட்டார். அவன் வேகம் கூட்டினால் இவர் சுருதி கூட்டினார். குலையே இல்லாத மரத்தடியிலும் பீப். மார்த்தா குழம்பு ஊற்றினாலும் பீப். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு முன்னால் வந்தபோது வாய் தானாகவே ‘பீப்’ என்றது. பாதிரியார் ஒலிவாங்கியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார்.

பத்தாம் நாள் மேனேஜர் ஜீப்பை நிறுத்தி, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ரசித்துக் கேட்டார்.

“தேவதாஸ், சொந்தமா மிஷின் வாங்கிட்டீங்களாமே, பிரமாதம்! நாளைக்குக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல ஆள்கள் எல்லாரும் நிக்கிறப்போ ரெண்டு பேரும் மிஷின்ல எண்ணிக் காட்டுங்க. யாரு முந்துறாங்களோ, அவருதான் பெரிய மண்டோர்.”

‘சரி சார்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பத்து நாள் கத்திய தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தது.

ஜீப் மறைந்ததும் ஓட்டமாக ஓடினார் பஞ்சாலை அக்காவிடம். இரண்டு பகுதியிலும் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் அவள். அவள் இடுப்புப் பையில் எப்போதும் அதிமதுரம் இருக்கும் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

“அக்கா,” என்று கிசுகிசுத்தார், “அதிமதுரம் ஒரு துண்டு குடுங்க. என் மிஷின் செத்துப் பத்து நாளாச்சு. வாயாலதான் கத்திக்கிட்டு இருக்கேன். யாருக்கிட்டயும் சொல்லிடாதீங்க. நாளைக்கு மட்டும் குரல் வரலன்னா, அந்த நெல்சன் மிஷினுக்கு முன்னால என் மானம் போயிரும்!”

பஞ்சாலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்புப் பையை அவிழ்த்துத் தலைகீழாக உதறிக் காட்டினாள். ஒரு தூள்கூட விழவில்லை.

“இப்பத்தான் தம்பி, நெல்சன் மண்டோர் தொண்ட கட்டிப்போச்சுன்னு மொத்தத்தையும் வாங்கிட்டுப் போறாரு, அவரு மிஷினுதான் வந்த மூணாம் நாளே வாய்க்கால்ல விழுந்து செத்துப்போச்சு லா!”