புளியங்கொட்டைக்குப் பதில் சொல்லாதவள்

தேனி மாவட்டத்தில் புளியங்கொட்டையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்த உயிர்கள் இரண்டே இரண்டு. ஒன்று மேகமலைச் சிறுத்தை. இன்னொன்று நான். சிறுத்தை அவள் கண்ணில் படவில்லை, அதனால் தப்பித்தது. நான் இரண்டு வருடம் அவளோடு ஒரே அறையில் இருந்தும் தப்பித்தேன்.

புளியங்கொட்டைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்லூரி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. உத்தமபாளையத்து அரிசிக்கடை வீட்டுப் பெண். கல்வி உளவியலில் ஆராய்ச்சி. நான் அதே கல்லூரியில் காட்டுயிர்ச் சூழலியல். பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடி அறையைச் சேர்ந்து பிடித்திருந்தோம்.

வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள் - இவர்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அதற்கு ஒரு படிவம் வைத்திருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். ‘சுத்தமாக இல்லை’ என்றால் ஒன்று, ‘முழுக்க உண்மை’ என்றால் ஐந்து. படிக்கத் தெரியாத அம்மாக்களுக்காக ஐந்து புளியங்கொட்டைகளைக் கழுவித் துடைத்து ஒரு தைல டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கேள்வியைக் கேட்பாள், உள்ளங்கையை நீட்டுவாள். எவ்வளவு உண்மையோ அத்தனை கொட்டையை எடுத்து வைக்க வேண்டும். சட்டென்று ஐந்தையும் வைப்பவர்களின் பதிலை அவள் சேர்க்க மாட்டாள்.

“யோசிக்காம வெக்கிறவுகதான் மொத்தத்தையும் வெப்பாக” என்பாள்.

இது ஆராய்ச்சியோடு நின்றிருந்தால் அவளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. உலகத்தில் யாரைப் பார்த்தாலும் டப்பாவைத் திறந்துவிடுவாள். சின்னமனூர் பஸ்ஸில் ஒரு நாள் கண்டக்டர் சில்லறை கேட்டார். இவள் ஐந்து கொட்டையை நீட்டினாள்.

“என்னாத்தா இது?”

“அண்ணே, ஒங்க வேல ஒங்களுக்கு எம்புட்டுப் பிடிச்சிருக்கு? பொறுமையா யோசிச்சு வைங்க.”

“சில்லறை கேட்டா புளியங்கொட்டை குடுக்குற. அடுத்து மொளகாய் குடுப்பியா?” என்று அந்தப் பக்கம் போய்விட்டார். இரண்டு நிறுத்தம் கழித்து அவராகவே திரும்பி வந்து, இரண்டு கொட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். “ஞாயித்துக்கெழம மட்டும் மூணுன்னு போட்டுக்க” என்றார்.

எங்கள் வீட்டுக்கார அக்கா மொட்டை மாடியில் கூழ்வத்தல் காயப்போடுவார். அதற்கு நாலு அடி தள்ளி நான் சிறுத்தை எச்சத்தைக் காயப்போட்டேன். அதிலுள்ள முடியைப் பார்த்துச் சிறுத்தை எதைத் தின்றது என்று கண்டுபிடிப்பது எங்கள் படிப்பில் அன்றாட வேலை. அக்காவுக்கு அது அன்றாட வேலையாகத் தெரியவில்லை.

“ஏ புள்ளைகளா, மூட்டையக் கட்டுங்க ரெண்டு பேரும்! காட்டுல போற பீயக் கொண்டாந்து என் வத்தலுக்குப் பக்கத்துல...”

நான் எச்சத்தை அள்ளத் தொடங்கினேன். புளியங்கொட்டை டப்பாவைத் திறந்தாள். “அக்கா, இந்த நாத்தம் ஒங்க மனச எம்புட்டுப் பாதிச்சிருக்கு? அவசரமில்ல, ஒக்காந்து சொல்லுங்க.”

அக்கா உட்கார்ந்துவிட்டார். நாலு வைத்தார். கொஞ்சம் யோசித்து ஒன்றைத் திரும்ப எடுத்தார். “வத்தல் சரியா காயாத கோவத்தையும் இதுல சேக்கலாமா?”

“அது தனிக் கேள்விக்கா.”

தனிக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தபோது மூட்டை கட்டும் பேச்சே அக்காவுக்கு மறந்து போயிருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு நான் மட்டும் மசியவில்லை. அவள் ஆராய்ச்சிக்குத் தேடித் திரிந்த ஆளே நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வருசநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். அம்மா இலவங்காட்டுக்குப் பஞ்சுக்காய் பறிக்கக் கூலிக்குப் போவாள், வேலையில்லாத நாளில் விறகு எடுப்பாள். துறையில் யாராவது கேட்டால் “விவசாயம்” என்று முடித்துக்கொள்வேன். பொய் இல்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். படிவத்தின் முதல் கேள்வியே ‘அம்மாவின் தொழில்’. அதில் விவசாயம் என்று எழுதினால் புளியங்கொட்டை விட மாட்டாள், எத்தனை ஏக்கர் என்பாள். அதனால் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் சொல்லாமல் வருசநாட்டு பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து நின்றாள்.

“ஒங்கம்மா குடுத்து விட்டாக.”

“யாரைக் கேட்டுடி அங்கன போன?”

“ஒன் படிவம்தான் காலியா கெடக்கு. ஒங்கம்மா படிவமாச்சும் நெறையட்டும்னு போனேன்.”

எங்கள் ஓட்டு வீட்டையும் அம்மாவின் கிழிந்த ஜாக்கெட்டையும் அவள் பார்த்துவிட்டாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. மூன்று நாள் பேசவில்லை. முருங்கைக்காயைத் தொடவில்லை. அவள் அதையே மூன்று நாளும் சாம்பார் வைத்துத் தின்றுவிட்டு, “கோவம் அஞ்சுக்கு எத்தனை?” என்று கையை நீட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாதம் துறையில் என் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. காட்டில் மரங்களில் தானியங்கிக் கேமரா கட்டி வைப்போம். எது குறுக்கே போனாலும் அதுவாகப் படம் எடுக்கும். அதில் ஒன்றை எங்கள் ஊருக்கு மேலே காட்டோரத்தில் கட்டியிருந்தேன். அது என் சொந்த ஊர் என்று துறையில் யாருக்கும் தெரியாது. அம்மாவிடம், “சிறுத்தையப் படம் பிடிக்கிற கண்ணு அது, பாத்துக்க” என்று பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன்.

கூடத்தில் அறுபது பேர். புளியங்கொட்டை கடைசி வரிசையில். நான் மான், பன்றி, ஒரு சிறுத்தை வால் எல்லாம் காட்டி முடித்தேன். என் நெறியாளர் எழுந்து வந்து, ‘மனித இடையூறு’ என்று நான் பெயரிட்டிருந்த தொகுப்பைத் திறந்தார். அதை நான் பார்த்திருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, கணினி ‘மனிதர்’ என்று பிரித்துக் கொடுத்த படத்தை எல்லாம் மொத்தமாக அதில் தள்ளியிருந்தேன்.

முதல் படத்தில் ஆட்டுக்காரர். இரண்டாவதில் இரண்டு ஆடு. மூன்றாவதில் தலையில் விறகுக்கட்டோடு அம்மா.

அடுத்ததில் விறகைக் கீழே போட்டிருந்தாள். அடுத்ததில் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கடுத்து அவள் மூக்கு மட்டும் திரை முழுக்க. பிறகு முந்தானை. அதன் பிறகும் முந்தானை. மகளுடைய கேமராவின் கண்ணில் தூசி படிந்திருக்கிறது என்று அம்மா அதைத் துடைத்திருக்கிறாள். கேமரா நிறுத்தாமல் எடுத்துத் தள்ளியிருக்கிறது. ஏழாவது முந்தானைக்குக் கூடம் கைதட்டிச் சிரித்தது.

“யாரும்மா இது, உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்றார் நெறியாளர்.

“தெரியாது சார். லோக்கல் ஆளுங்க. டிஸ்டர்பன்ஸ்” என்றேன்.

அந்த நொடியில் என் கண் கடைசி வரிசைக்குப் போனது. புளியங்கொட்டை எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கு அந்த முகம் தெரியும். அந்த முந்தானையும் தெரியும். முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

“சார், ஒரு சந்தேகம். கேமராவத் தொடச்சு வெக்கிறது டிஸ்டர்பன்ஸா, மெயின்டெனன்ஸா?”

கூடம் வெடித்தது. நெறியாளர் முகம் சிவந்தது. “நீங்க எந்த டிபார்ட்மென்ட்?”

“கல்வி உளவியல் சார். ஒங்களுக்கு இப்ப எம்புட்டுக் கோவம்? அஞ்சுல...” என்று டப்பாவைத் திறந்துகொண்டே முன்னால் வந்தாள். “வெளிய போங்கம்மா!” என்று அவர் கத்தினார். போனாள். வாசல் வரைக்கும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். திரையில் இருந்த பெண்ணை அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள்.

சாயங்காலம் அறைக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேச்சை எடுத்தேன்.

“அன்னைக்கு அம்மா என்ன பதில் சொல்லுச்சு?”

“ஒருத்தர் படிவத்த இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது. ஆராய்ச்சி தர்மம்” என்றாள். பிறகு ஒரு படிவக் கோப்பை எடுத்து, சரியான பக்கத்தில் விரித்து, என் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றைக்கு அவள் குளித்த அளவுக்கு யாரும் குளித்திருக்க மாட்டார்கள்.

பதினாலாவது கேள்வி. ‘நான் படிக்காதவள் என்பதால் என்னை வெளியில் சொல்ல என் பிள்ளை வெட்கப்படும்.’ ஐந்து கட்டமும் காலி. ஓரத்தில் புளியங்கொட்டையின் கோழிக்கிறுக்கல்: ‘ஒரு கொட்டைகூட வைக்கவில்லை. குறைந்தது ஒன்றாவது வைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். “எம்புள்ளையா? போத்தா” என்று ஐந்தையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அளவில் இல்லாத பதில்.’

குழாய்ச் சத்தம் நிற்கும்வரை அழுதேன். பிறகு என் படிவத்தை எடுத்தேன். அம்மாவின் தொழில்: இலவங்காட்டுக் கூலி, விறகு எடுப்பது, என் கேமராவைத் துடைப்பது.

ஈரத்தலையோடு வந்தவள் வாங்கி முழுதாகப் படித்தாள். “தேதி போடல” என்றாள்.

ஆராய்ச்சி முடிந்து அவள் ஊருக்குப் போன அன்று தேனி பஸ் நிலையத்தில் வழியனுப்பினேன். சன்னல் வழியாக ஐந்து கொட்டையையும் என் கையில் கொட்டினாள். “என்கூட இருந்தது எப்பிடி? சட்டுனு சொல்லாத, யோசிச்சுச் சொல்லு.” பஸ் கிளம்பிவிட்டது.

இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை எங்கள் துறை நூலகத்துக்கு வாரம் தவறாமல் வருகிறது, என் நெறியாளர் அதைப் படிப்பார். சார், படத்தில் இருந்தது என் அம்மா. நேரில் சொல்ல ஐந்து மாதமாக உங்கள் அறை வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன். இதை நீங்கள் படிக்கும் முன் வந்து சொல்லிவிடுவேன். அம்மாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். அவள் கேட்டுவிட்டு, “போத்தா” என்பாள். அதுதான் கஷ்டம்.

கொட்டைகள் என் கேமராப் பையில் இருக்கின்றன. யோசிச்சுட்டேன்டி, புளி. அஞ்சும்தான். சேத்துக்க.