மிளகாய் அரைக்காத நாள்

தாம்பரத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்ததே வீண் செலவு. ஹலோ அண்ணன் தம் மாவு மில் வாசலில் நின்று வாயைத் திறந்தால் போதும், செய்தி பல்லாவரம் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடும்.

அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. மில்லின் பலகையில் ஓர் அம்மன் பெயர்தான் இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த போன் அவருடையது. அதை எடுத்து அவர் சொல்லும் ‘ஹலோ’ தெருமுனை சைக்கிள் கடை வரை கேட்கும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பெரிய மில்களில் எல்லாம் போன் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பித்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய போன் அது. வந்த பிறகுதான் அவருக்கு ஒன்று புரிந்தது: கோதுமை அரைக்க யாரும் போன் செய்வதில்லை. அவர் கூப்பிட்டுப் பேசவும் ஆள் இல்லை. உறவினர்கள் அத்தனை பேரும் பின்தெருவில் இருந்தார்கள். சும்மா கிடக்கிறதே என்று எண்ணைத் தெருவுக்கே கொடுத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் தெருவாசிகள் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டார்கள். பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம்.

கூப்பிடத்தான் செய்தார். ஆனால் நாள் முழுதும் மில் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை அது. ரகசியம் என்ற வகை அதில் கிடையாது. “டீச்சரம்மா, உங்க நாத்தனாரு குடும்பத்தோட வந்துகினு கீறாங்களாம், ஒரு மாசம் தங்குவாங்களாம்” என்று நடுத்தெருவில் நின்று அறிவிப்பார். நாத்தனார் வந்து சேருவதற்குள் டீச்சரின் முகம் எப்படி மாறியது என்பதைத் தெருவே பேசி முடித்திருக்கும். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை மஞ்சள் காமாலை என்று லீவு சொல்லியிருந்தார். நலம் விசாரிக்க அவருடைய அதிகாரி போன் செய்தபோது, ஹலோ அண்ணன் அவரை மனதார ஆறுதல்படுத்தினார்: “இன்னாத்துக்கு சார் கவலைப்படுறீங்க? இப்பதான் கேவுரு அரைச்சுகினு போனாரு. ஷோக்கா கீறாரு.”

பொய் சொல்ல அவருக்கு வராது. கேட்டதைக் கேட்டபடி சொல்வார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

மில்லிலும் அதே கறார்தான். முதலில் அரிசி, பிறகு கேழ்வரகு, பிறகு கோதுமை, மிளகாய் கடைசியில். மிளகாய் அரைத்த பின் அதே இயந்திரத்தில் கோதுமையைப் போட்டால் சப்பாத்தி சாப்பிடுகிறவர் அழுதுகொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். வரிசையை மாற்றச் சொல்லிக் கெஞ்சியவர்கள் டப்பாவோடு திரும்பினார்கள். மிளகாய் நேரம் வந்ததும் தெரு நாய்கள் தாமாகவே அடுத்த தெருவுக்குப் போய்விடும். சைக்கிளில் போகிறவர்கள் தும்மிக்கொண்டே கடப்பார்கள். அண்ணன் மட்டும் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார். தொழில்காரனுக்குத் தும்மல் வராது என்பது அவர் பெருமை.

அந்தப் பெருமைதான் கல்யாணி அக்காவின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

கல்யாணி அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அதற்கு முன் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பஜ்ஜியைப் பாராட்டிவிட்டுப் போய், தரகர் மூலமாக ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பியவர்கள். அக்கா அதற்கெல்லாம் அழுததில்லை. மறுநாள் வழக்கமான மின்சார ரயிலைப் பிடித்துவிடுவாள். ஆனால் பொழிச்சலூரிலிருந்து வந்த வரன் வேறு மாதிரி. அவர் ஏதோ சொல்ல, அக்கா சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டுக்குக் கேட்டது. இந்த முறை அவளுக்கே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போன் செய்து பதில் சொல்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அது புது மிளகாய் வரும் பருவம். மில்லில் டப்பாக்கள் வாசல் வரை வரிசையாக நின்றன. அம்மாவோடு நானும் நின்றேன். மிளகாய் பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. கல்யாணி அக்கா வீட்டுக்கு வரும் போனாகத்தான் இருக்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். அதனால் வேறு எந்த அழைப்புக்கும் செய்யாத மரியாதையைச் செய்தார். இயந்திரத்தை நிறுத்தினார். தெளிவாகப் பேச வேண்டும் என்று துண்டை அவிழ்த்தார். ஒரு முழு மூச்சு இழுத்தார்.

ஹலோ வரவில்லை. விம்மல்தான் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்ட, “அ... அம்மா...” என்று தேம்பினார். இயந்திரம் நின்றுவிட்டதால் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் இருமி மூக்கை உறிஞ்சும் ஓசையும் சேர்ந்து போயிருக்கிறது. மறுமுனையில் ஏதோ பேசினார்கள். போன் வைக்கப்பட்டது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போய், கேட்டதைக் கேட்டபடி அறிவிக்கத் தொடங்கினார்.

“மாப்ள வூட்டு அம்மா பேசுனாங்க. மனச தேத்திக்கச் சொன்னாங்க.”

தெரு முழுக்கக் கேட்டது. மீதியைச் சொல்லுமுன் அக்கா வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையில் ஓடிக்கொண்டிருக்கும் அவள் ரேடியோவும் நின்றது.

அண்ணன் திரும்பி வந்து இயந்திரத்தைப் போடவில்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்து யோசித்தார். பிறகு என் அம்மாவிடம் கேட்டார். “ஏம்மா, பொண்ணு வேணாங்கிறவங்க நேர்ல போன் பண்ணுவாங்களா? புரோக்கராண்டதான சொல்லுவாங்க?”

“அவங்க வேற என்ன சொன்னாங்க?”

“தைரியமா இருங்க, எல்லாம் முடியட்டும், அப்புறமா பேசறோம்னாங்க.”

அம்மா அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தாள். வரிசையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள். “அண்ணா, அங்க யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சிருப்பாங்க” என்றாள்.

பொங்கலன்றுகூட மூடாத மில்லை அண்ணன் மூடினார். முகம் கழுவக்கூட நிற்காமல், தலையில் மிளகாய்த் தூளோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பொழிச்சலூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே நடந்ததை மாப்பிள்ளையே பிற்பாடு பலமுறை சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். வெயிலில் வழிந்த வியர்வையை அண்ணன் வழி நெடுக அதே துண்டால் துடைத்திருக்கிறார். ஆகவே கதவைத் திறந்த மாப்பிள்ளையின் அம்மா கண்டது, கண்கள் செக்கச் செவேலென்று சிவக்க, தாரை தாரையாகக் கண்ணீர் விடும் ஓர் ஆளை.

“ஐயோ பாவம், போனது யாருங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“யாரும் போவலம்மா, மிளகாத்தூளு!” என்று அண்ணன் முழங்கியதில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தனவாம். அவர்கள் நம்பத் தயங்கியதைப் பார்த்து, சாட்சிக்குத் துண்டைக் கூடத்திலேயே உதறிக் காட்டிவிட்டார். அடுத்த கணம் மாப்பிள்ளை, அப்பா, அம்மா, வந்திருந்த விருந்தாளி உட்பட வீடே நின்று அழுதது. மூக்கைச் சிந்திக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: “சம்மதம்னு சொல்லத்தாங்க போன் பண்ணினோம்.”

அண்ணன் தெருவுக்குள் நுழைவதற்காக நாங்கள் எல்லோரும் வாசலில் காத்திருந்தோம். வழக்கப்படி சைக்கிள் கடையிலிருந்தே அறிவிப்பு தொடங்கும் என்று எதிர்பார்த்தோம். அவரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா வீட்டுக் கதவை விரலால் தட்டினார். அவளுடைய அம்மா வந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக, மெதுவாகச் சொன்னார். எவ்வளவு மெதுவாக என்றால் அந்த அம்மாவுக்கே கேட்கவில்லை.

“என்ன சொல்றீங்க?”

மறுபடியும் உதடு அசைந்தது.

“கேக்கலையே அண்ணா.”

உள்ளேயிருந்து கல்யாணி அக்காவின் குரல் வந்தது. “எப்பவும் மாதிரியே சொல்லுங்கண்ணா.”

சொன்னார். பல்லாவரம் என்று தொடக்கத்தில் எழுதினேனே, அது இந்தச் செய்திக்குப் பொருந்தாது. இது திரிசூலம் மலையில் மோதித் திரும்பி வந்தது.

இப்போது நான் மேடவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். மிளகாய்த் தூள் பாக்கெட்டில் வருகிறது. மில் இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மில்லில் வந்த ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. சில ஞாயிறுகளில் அண்ணன், “இன்னிக்கு மிளகா கெடையாது” என்பார். காரணம் சொல்ல மாட்டார், ஊருக்கே ஒலிபரப்புகிற அந்த மனிதர். தெருவில் ஏதோ ஒரு வீட்டுப் பெண் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் புரியும். எந்த வீடு என்று யாரும் கேட்பதில்லை.

பல ஆண்டுகள் கழித்து என்னையும் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. போன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மட்டும், பதில் வரவேண்டிய ஞாயிறுக்கு முந்தின நாள் அம்மா அண்ணனிடம் கேட்டு வைத்திருந்தாள். ஞாயிறு காலை மில்லுக்குப் போனவள் மிளகாய் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “இன்னைக்கு மிளகுக் குழம்புதான்” என்றாள்.

அன்று பதில் வரும் வரை எங்கள் தெருவில் ஒருவரும் தும்மவில்லை.