மெஷினுக்குத் துணையாக மெட்ராஸ் போன பிள்ளை

புதுச்சேரி,
2-2-1987

பாரீசில் இருக்கும் என் அன்புத் தம்பி பலராமனுக்கு, உன் அண்ணன் கன்னியப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் சந்திரகலாவும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது முறை என்பதால் நலம் என்று எழுதுகிறேன். மற்றபடி உன் அண்ணி தனக்கொடி சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகிறது. தட்டின் முன்னால் உட்காருகிறாள், சோற்றைப் பிசைகிறாள், எழுந்து போய்க் கையைக் கழுவிவிடுகிறாள். இதற்கெல்லாம் காரணம் ஒரு வீடியோ கேம் மெஷின். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

போன தை மாதம் மில்லில் கணக்கு முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அப்போது நம் வடிவேல் வீட்டில் தங்குவதே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ ஒருவர் முதன்முதலாக ஒரு வீடியோ கேம் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார், இவன் காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவான். இருபது வயது, ஒரே பிள்ளை, படிப்பும் பாதியில் நிற்கிறது, இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரை போகிறவன் நாளைக்குப் பஸ் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று உன் அண்ணிக்கு ஒரே பயம். எனக்கு இல்லை, அவளுக்கு. இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவன் கப்பலேறிப் போய்விட்டான், அது அவள் மனதில் இருந்திருக்கும். ஆகையால் நான் யோசித்தேன். பையன் மெஷின் இருக்கும் இடத்தில் இருக்கிறான், மெஷின் நம் வீட்டில் இருந்தால் பையன் நம் வீட்டில் இருப்பான். இவ்வளவு சுலபமான விஷயம் ஊரில் வேறு எந்தத் தகப்பனுக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, மில்லில் வந்ததைக் கொடுத்து மெட்ராசிலிருந்து ஒரு பழைய மெஷினை வரவழைத்துவிட்டேன்.

வந்து இறங்கியதைப் பார்த்தால் நம் வீட்டுப் பீரோவைவிட ஒரு சாண் உயரம். வாசலில் நுழையவில்லை, நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே விட்டோம், திரும்ப நிலை வைத்த கொத்தனார் கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டார், தாழ்ப்பாள் கணுக்காலில் இருக்கிறது, இன்றுவரை குனிந்துதான் தாழ் போடுகிறோம். தெருப்பக்க அறையில் வைத்துப் போர்டு மாட்டினேன். காசு போட்டால் கறுப்புத் திரையில் மேலேயிருந்து விண்கப்பல்கள் வரிசை வரிசையாக இறங்கும், கீழே நாம் ஒரு பீரங்கியை நகர்த்தி நகர்த்திச் சுட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. இதற்கு முத்தியால்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் நம் தெரு சொல்தா கிருஷ்ணசாமி தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து விறைப்பாக நின்று சுடுவார். இப்படி வரிசையாக வந்து சாகிறார்களே, இவர்களுக்கு ஓர் அதிகாரி கிடையாதா என்று என்னைத்தான் கோபித்துக்கொள்வார். சாயங்காலம் கரண்டு குறைந்தால் திரையில் படம் சுருங்கிவிடும், சுருங்கின படத்துக்கு முழுக்காசு எதற்கு என்று தகராறு நடக்கும்.

ஆனாலும் கடை ஓடியது, அது ஓடுவதைப் பார்த்து ஊரே ஓடிவந்தது. சித்திரையில் எதிர்வரிசைத் தையல்காரர் தையல் மெஷினை மூலையில் தள்ளிவிட்டு ஒரு வீடியோ கேம் வைத்தார். ஆடியில் சைக்கிள் கடையில் வந்தது. ஆவணியில் சலூனில் வந்தது, பாதிச் சவரத்தில் முகத்து நுரையோடு எழுந்துபோய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்து உட்காருகிறார்கள். பெரிய மார்க்கெட் பக்கம் வண்ணத்திரை போட்டு, கார் ஓட்டுகிற மெஷினே வந்துவிட்டது. ஒரே வருஷத்துக்குள் புதியது பழையதாகி, அதைவிடப் புதியது வந்து, நம் மெஷினைச் சின்னப் பிள்ளைகள்கூடக் கிழவன் என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் கணக்கு வேறு. வடிவேல் வீட்டில் இருந்தான், சாப்பிடக் கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து வந்தான், மெஷினின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தானாகவே அதன் வேலையைக் கற்றுக்கொண்டான். அந்த மாதங்களில் நான் இருந்த சந்தோஷத்தை மில்லில் இருந்த காலம் முழுவதும் கண்டதில்லை.

பிறகு ஆயுதபூசை வந்தது. மில்லில் எங்கள் டிபார்ட்மென்டுக்கு நான்தான் பூசை போடுவேன் என்பது உனக்குத் தெரியும். மெஷினின் வெளித்தகட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிற வேலை எங்களிடம் கிடையாது, ஆளை விட்டுவிட்டுச் சட்டைக்கு மரியாதை செய்வது மாதிரி அது. உள்ளே உழைக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் கற்பூரம் காட்டுவோம். என் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைத்த மெஷினுக்கு அதில் ஒரு மாற்றுக் குறையலாமா. வடிவேல் பொரி வாங்க மார்க்கெட் போயிருந்தான். பின்கதவைத் திறந்தால் பச்சைத் தகட்டில் எறும்பு வரிசை மாதிரி சின்னச் சின்னதாக என்னென்னவோ இருந்தன. ஒன்றுக்கும் மனக்குறை வரக்கூடாது என்று ஈர்க்குச்சியால் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன், மஞ்சள் தண்ணீரையும் தாராளமாகவே தெளித்தேன். பூசை போட்ட மெஷினை அன்று தொடக்கூடாது. மறுநாள் நல்ல நேரம் பார்த்துச் சுவிச்சைப் போட்டோம். டப்பென்று ஒரு சத்தம், பின்னாலிருந்து ஒரே புகை. சொல்தா கிருஷ்ணசாமி பிரெஞ்சில் ஏதோ கத்திக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார், இஸ்திரி போட்ட சட்டை என்றுகூடப் பார்க்கவில்லை.

வடிவேல் பின்கதவைத் திறந்து பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கோபப்படவில்லை. "எல்லாத்துக்குமாப்பா வச்சிங்க?" என்று மட்டும் கேட்டான்.

மெட்ராஸ் கம்பெனிக்குக் கொண்டுபோனால்தான் சரியாகும் என்றார்கள். மெஷினைத் தனியாக அனுப்பினால் வழியில் பாகத்தைக் கழற்றிவிடுவார்கள் என்று சொல்லி, பையனைத் துணைக்கு ஏற்றி அனுப்பியது நான்தான், அவன் போகிறேன் என்று கேட்கவே இல்லை. அங்கே போய்ப் பார்த்தால் ஊர் ஊராகப் போன மெஷின்களெல்லாம் ஊர் ஊராகக் கெட்டுப்போய்த் திரும்பி வந்து மலைபோலக் கிடக்கிறதாம், வேலை தெரிந்த ஆள் போதவில்லையாம். நம் மெஷினைப் பார்க்கும்போதே பக்கத்தில் இருந்ததிலும் இவன் கைவைத்திருக்கிறான், முதலாளிக்கு அந்தக் கை பிடித்துப்போய்விட்டது. தீபாவளிக்கு முன்தினம் லாரி வந்து நின்றது. கூட ஓர் ஆள் வரவேண்டுமே என்று டிரைவரிடம் கேட்டேன். "பொருள் ஒண்ணுதாங்க ஏத்துனாங்க" என்றார்.

மெஷின் நன்றாக வேலை செய்கிறது தம்பி, குறை சொல்ல முடியாது. தெருவில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் என் வீட்டில் நிற்கிறார்கள், என் பிள்ளை மட்டும் இல்லை. கடை சாத்தியதும் உன் அண்ணி மெஷினின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அவன் கைப்பட ஒட்டவைத்த இடங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுகிறேன், ஆண்பிள்ளை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தான். மெலிந்திருந்தாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. புது மாதிரி மெஷின்களில் வேலை கற்றுக்கொள்ளக் கம்பெனி அவனை இரண்டு வருஷம் சிங்கப்பூருக்கு அனுப்புகிறதாம், பங்குனியில் புறப்பட வேண்டுமாம். திரும்ப மெட்ராசுக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து, "நீங்க போவாதன்னு சொன்னா போவலப்பா" என்றான். யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லி அவனைப் பஸ் ஏற்றிவிட்டேன், இன்றுவரை எழுதவில்லை.

அதனால் நீ எழுத வேண்டும். நான் சொன்னால் சுயநலம் என்று நினைப்பான், வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா சொன்னால் நம்புவான். அங்கே நீ படுகிற பாட்டை எழுது, குளிரை எழுது, நம் அப்பா போனபோது தந்தி கிடைத்தும் வந்து சேர முடியாமல் நீ அழுததை எழுது. வடிவேல், உன் அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள், சிங்கப்பூரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீடு போய்ச் சேர் என்று கண்டிப்பாக எழுது. தாமதம் செய்யாதே.

சந்திரகலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளித் தொந்தரவு. எல்லா நலமும் உங்களுக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கன்னியப்பன்

பின்குறிப்பு: உனக்குப் போகிற கடிதம் எதையும் உன் அண்ணிக்குப் படித்துக் காட்டாமல் ஒட்டும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. இதையும் படித்தேன். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "நான் எப்பங்க சாப்புடாம இருந்தேன்? மூணு வேளையும் நல்லாத்தான் துன்றேன். சோத்தப் பெசஞ்சிட்டு எழுந்து போறது நீங்க. மிஷினுக்குப் பின்னால போயி குந்திகினு அழுவறதும் நீங்க. என் பேர்ல ஏன் எழுதறிங்க?" என்றாள். நான் தாளை மடிக்கப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு, "புள்ள உங்க ஒரு வார்த்தைக்குக் காத்துகினு கெடக்குதுங்க" என்றாள், அவளும் அழுதுவிட்டாள்.

வேறு தாளில் எழுத எனக்குத் தெம்பில்லை. ஆகையால் மேலே உன் அண்ணி என்று வரும் இடத்திலெல்லாம் நான் என்று வைத்துப் படித்துக்கொள். வடிவேலுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம், நானே எழுதிவிட்டேன். நல்லபடியாகப் போய் வா, அம்மாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம் என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மத்தியானம் முழுக்க ஆகிவிட்டது. நீ இந்த வருஷம் எப்படியாவது ஒருமுறை வந்து போ தம்பி. உன்னைப் பார்த்தால் போனவர்கள் வருவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.